பச்சை ஓலைக் குடிசை

10 ஜூன் 2011, வெள்ளி

கலெக்டர் அலுவலகத்தில் மீனவர் குறைதீர் கூட்டம். மீனவர்கள் வந்தார்கள். குறைகளும் வந்தன. தீர்க்க வேண்டியவர் சென்னையில் இருந்தார். பேப்பருக்கு நான்கு பத்தி அனுப்பினேன். அச்சில் ஒன்றரை வரும்.

மாலை மஞ்சக்குப்பத்தில் என் அறைக்குக் கலியமூர்த்தி வந்தான். தங்கை செல்லாயியின் புருஷன். தேவனாம்பட்டினத்தில் இரண்டு பைபர் படகு அவனுக்கு. போன வருஷம் முதுநகரில் ஒரு விசைப்படகில் பங்கு வாங்கினான். அன்றிலிருந்து சட்டையை பேண்டுக்குள் விட்டுக்கொள்கிறான்.

“மச்சான், மோகனாவ சிதம்பரத்துல சேத்துட்டன். ஆஸ்டலோட.”

மோகனப்பிரியா அவர்களுக்கு ஒரே பெண். பன்னிரண்டு வயது. எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். சைக்கிளில் போகிற தூரத்தில் அவளுக்குப் பள்ளி இருக்கிறது.

“அவளக் கேட்டியா?”

“புள்ளைய இன்னா கேக்கறது? நீங்க போயிப் பாருங்க மச்சான். அங்க புள்ளைங்க இங்கிலீஷ்லதான் தும்முதுங்க.”

பள்ளியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் பேப்பருக்கு வாரம் இரண்டு விளம்பரம் தருகிறார்கள். என் சொந்த நோட்டிலும் அவர்களுக்கு இடம் எதற்கு? சிதம்பரத்துக்கு வெளியே, கிள்ளை போகிற வழியில், வயலைத் தூர்த்துக் கட்டிய நான்கு மாடி. வாசலில் சரஸ்வதி. சரஸ்வதியின் தலைக்கு மேல் கேமரா.

15 ஜூன், புதன்

கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்களாம். செல்லாயி போனில் சொன்னாள்: “அழுவாம உள்ள போச்சுண்ணா. நல்ல புள்ளைன்னு வார்டன் சொல்லிச்சி.” சொல்லிவிட்டு இவள் அழுதாள். அழாமல் போகிற பிள்ளையைக் கண்டு சந்தோஷப்படுகிறவர்கள் அதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் மட்டும்தான்.

26 ஜூன், ஞாயிறு

ஞாயிறு ஐந்து நிமிஷம் போன் பேசலாம். ஸ்பீக்கரைப் போட்டு, பக்கத்தில் வார்டன் உட்கார்ந்திருக்க, பேச வேண்டும். ஜெயிலில்கூட கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற போலீஸ்காரன் வேறு எங்காவது பார்க்கிற மாதிரி நடிப்பான்.

“ஐ ஆம் ஃபைன் மம்மி. ஃபுட் இஸ் குட் மம்மி.”

செல்லாயி போனைத் தள்ளிப் பிடித்து என்னைப் பார்த்தாள். “மம்மியாம்ணா. யாரோ பேசற மாதிரி இருக்குது.”

கலியமூர்த்திக்கு முகமெல்லாம் பூரிப்பு. அந்த இரண்டு வாக்கியத்தையும் தெருவில் நான்கு பேரிடம் சொன்னான். அவன் சொன்னபோது ஃபைனும் ஃபுட்டும் இடம் மாறியிருந்தன.

17 ஜூலை, ஞாயிறு

மாதத்தின் மூன்றாம் ஞாயிறு பெற்றோர் பார்க்கலாம். கலியமூர்த்தி கடலுக்குப் போயிருந்தான். செல்லாயியோடு நான் போனேன்.

வாசலில் பை சோதனை. வார்டன் மலர்க்கொடி டிபன் கேரியரை அடுக்கடுக்காகத் திறந்து மோந்து பார்த்தாள். மூன்றாவது அடுக்கில் நெத்திலி வறுவல்.

“என்னம்மா இது? சைவ ஆஸ்டல்னு போர்டு வச்சிருக்கோமே, பாக்கலியா?”

“கொஞ்சூண்டுதாங்க. இங்கயே மரத்தடியில வச்சித் தின்னுடுவா.”

“கவுச்சி காம்பவுண்டுக்குள்ளயே வரக்கூடாது. தாளாளர் ஐயா பூஜை பண்ற எடம்.”

அடுக்கை வாட்ச்மேனிடம் நீட்டினாள். அவன் அதை மதிலுக்கு வெளியே கொட்டினான். நாய்கள் ஏற்கெனவே காத்திருந்தன. மூன்றாம் ஞாயிறு நாய்களுக்கும் தெரிந்திருக்கிறது.

மோகனா கொஞ்ச தூரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். கழுத்தில் கயிறு கட்டிய அட்டை ஒன்று தொங்கியது. செல்லாயி ஆசையோடு அதைத் தொட்டுப் பார்த்தாள்.

“இன்னாடி இது, பரிசா?”

மோகனா என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்ற பார்வை. அட்டையில் ‘தமிழில் பேசினேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அம்மாவைப் பார்க்க வருகிற நேரத்துக்குக்கூட அதைக் கழற்றவில்லை.

“பரிசுதாம்மா” என்றாள்.

செல்லாயி தண்ணீர் பிடிக்கப் போனபோதுதான் மோகனா வாயைத் திறந்தாள். “கருவாடுன்னு கூப்புடறாங்க மாமா.”

“யாரு?”

“எல்லாரும். மிஸ்ஸுகூட ஒருவாட்டி, மறந்துபோயி.”

பிறகு அவளாகவே வேறொன்று சொன்னாள். அவள் அறையிலிருந்த குறிஞ்சிப்பாடிப் பெண் வயதுக்கு வந்துவிட்டாளாம். மதியத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். பூஜை அறை பக்கத்தில் இருப்பதால் தீட்டு ஆகாதாம். “காய்ச்சல்னா அனுப்ப மாட்டாங்க மாமா. அதுக்குன்னா ஒடனே அனுப்பிடறாங்க.”

சர்வதேசத் தரம், ஸ்மார்ட் கிளாஸ், தீட்டு. விளம்பரத்தில் மூன்றாவதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

22 ஜூலை, வெள்ளி

பெயர் போடாமல், கழுத்து அட்டையைப் பற்றி எட்டு வரி அனுப்பினேன். வரவில்லை. அந்த இடத்தில் அரைப் பக்க விளம்பரம் வந்திருக்கிறது. யாருடையது என்று எழுதவும் வேண்டுமா?

15 ஆகஸ்ட், திங்கள்

கொடியேற்றத்துக்கு நிருபர்களை அழைத்திருந்தார்கள். மோகனாவைப் பார்க்கலாமே என்று போனேன். தாளாளர் வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. நாற்பது நிமிஷம் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார். பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். தூக்கிக்கொண்டு போனார்கள். பேச்சு நிற்கவில்லை.

பிறகு, “கடலோரத்துப் பிள்ளைகளையும் நாங்கள் உருவாக்குகிறோம்” என்று சொல்லி மோகனாவை மைக் முன்னால் நிறுத்தினார். மிருகக்காட்சி சாலையில் கரடியைப் பேர் சொல்லி அழைப்பது போல.

“மை நேம் இஸ் மோகனப்பிரியா. மை ஃபாதர் இஸ் எ பிசினஸ்மேன்.”

மீனவர் என்பதற்கு ஆங்கிலத்தில் சொல் இல்லை போலிருக்கிறது. கைதட்டினார்கள். அவள் கீழே இறங்கும்போது என்னைப் பார்த்தாள். தெரிந்தவள் போலக் காட்டிக்கொள்ளவில்லை. மெலிந்திருக்கிறாள்.

நிருபர்களுக்கு ஆளுக்கொரு டிபன் கேரியர். மூன்று அடுக்கு. நெத்திலி வைக்கக் கச்சிதமான அளவு.

18 செப்டம்பர், ஞாயிறு

கலியமூர்த்தியிடம் சொன்னேன். கூட்டி வந்துவிடு, பிள்ளை வாடிப் போகிறது என்றேன்.

“மொதல்ல அப்படித்தான் இருக்கும் மச்சான். கடல்ல மொத தடவ போறவன் வாந்தி எடுக்கலியா? அதுக்குன்னு கரைக்குத் திருப்புவமா?”

உவமையில் அவனை வெல்ல முடியாது.

29 செப்டம்பர், வியாழன்

காலை பள்ளியிலிருந்து செல்லாயிக்குப் போன். “உங்க பொண்ணு பெரியவளாயிட்டா. உடனே வந்து கூட்டிக்கிட்டுப் போங்க.” கலியமூர்த்தி நாகப்பட்டினத்தில் இருந்தான். செல்லாயி எனக்குப் போன் செய்தாள். வேன் பிடித்துக்கொண்டு போனோம்.

கட்டடத்துக்குள் இல்லை. வாசலுக்குப் பக்கத்தில், ஜெனரேட்டர் கொட்டகையில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பெட்டி, பக்கெட், மெத்தை எல்லாம் அவளைச் சுற்றி. வார்டன் எட்டத்தில் நின்றே பேசினாள். “பதினஞ்சு நாள் கழிச்சு, தீட்டு போகப் புண்ணியாதானம் பண்ணிட்டுக் கூட்டிட்டு வாங்க.”

“புள்ள சாப்டுச்சாங்க?”

“எப்படிங்க உள்ள கூப்பிட்டுச் சோறு போடறது?”

அதாவது, போடவில்லை.

மோகனா தலை குனிந்தபடி வேனில் ஏறினாள். வெட்கம் என்று நினைத்தேன். பி.முட்லூர் தாண்டியதும் தலையைத் தூக்கினாள். “மாமா, பரோட்டா வாங்கித் தா.” சிக்கன் சால்னாவோடு நான்கு பரோட்டா தின்றாள். செல்லாயி அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

30 செப்டம்பர், வெள்ளி

நாகப்பட்டினத்திலிருந்து கலியமூர்த்தி: “மச்சான், தாய்மாமன் நீங்க. பச்ச ஓல நீங்கதான் போடணும். நீங்க பேப்பர்காரருன்னு ஊரு வுட்டுடாது.”

பெண்ணை ஒதுக்கி வைக்கும் இந்தச் சடங்கைக் கண்டித்து 1994-ல் ஞாயிறு மலரில் முக்கால் பக்கம் எழுதியவன் நான். இன்று வீட்டின் பின்பக்கம் நான்கு கழி நட்டு, பச்சைத் தென்னை ஓலை வேய்ந்து, அவளுக்குக் குடிசை கட்டினேன். பதினோராம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அவள் அதில் இருக்க வேண்டும். பிறகு அதைப் பிரித்துக் கொளுத்துவதும் மாமன்தான். கட்டிய லட்சணத்தைப் பார்த்துவிட்டு ஒரு கிழவி சொன்னாள்: “எழுதற கையில்லியா, அதான் கோணிக்கிச்சி.”

மோகனா உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்தாள். நான் போன மாதம் பார்த்த பிள்ளை இல்லை இது. தண்டனைக்கு வந்தவள்போல இல்லை. சிங்கப்பூர் ஓட்டலில் அறை எடுத்தவள்போல இருந்தாள்.

சங்கரா மீன் குழம்பு கேட்டாள். தீட்டுக் குடிசையில் மீன் கொடுக்கலாமா, அதுவும் புரட்டாசியில் என்று பக்கத்து வீட்டில் பட்டிமன்றம். செல்லாயி தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை.

2 அக்டோபர், ஞாயிறு

செல்லாயி என்னைத் தண்ணீர்த் தொட்டியருகே கூப்பிட்டாள்.

“ண்ணா, அவளுக்கு ஒண்ணும் ஆவல.”

“என்ன ஆகல?”

“தொவைக்கிறவ நானு. மொத நாளே தெரியும். பொய்யி சொல்லிட்டு வந்திருக்குது.”

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. அவளுக்கு வரவில்லை.

“சிரிக்காதண்ணா. அவரு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. எலக்சன்ல நிக்கறவன், பூத்துல நிக்கறவன் எல்லாத்தையும் கூப்ட்டாச்சி. இப்ப இல்லன்னு சொன்னா, புள்ளைய என்னான்னு பேசுவாங்க? சரி, பேசாம சடங்கப் பண்ணி திரும்ப அனுப்பிட்டா — அங்க நெசமாவே ஆச்சின்னா? மறுபடியும் போன் பண்ணுவாளுங்க. ஒரு பொண்ணு எத்தினி தடவண்ணா பெரியவளாவா?”

அவள் சொன்னதில் ஓட்டை இல்லை. சொல்லவும் முடியாது, திருப்பி அனுப்பவும் முடியாது. ஏன் அனுப்பவில்லை என்று கலியமூர்த்திக்குக் காரணமும் காட்ட முடியாது.

4 அக்டோபர், செவ்வாய்

குடிசைக்கு வெளியே உட்கார்ந்தேன். ஓலைக்கு அந்தப் பக்கம் அவள்.

“யார் சொல்லிக் கொடுத்தது?”

“அம்மா சொல்லிடுச்சா?”

“ம்.”

“யாரும் சொல்லல. குறிஞ்சிப்பாடிப் பொண்ணு போனாளே, பாத்தன். அதான்.”

“கண்டுபிடிச்சிருந்தா?”

“எப்பிடி மாமா? கிட்ட வந்தாதான கண்டுபுடிக்க. கிட்டவே வர மாட்டாங்களே.”

அவ்வளவுதான். நாலு மாடி, கேமரா, வாட்ச்மேன், வார்டன், தாளாளர். அத்தனை பேரின் தீட்டுப் பயத்தின் நடுவே ஒரு பிள்ளை நடந்து வெளியே வந்துவிட்டாள். யாரும் அவளைத் தொடக்கூட இல்லை.

“என்னத் திரும்ப அனுப்பிடுவீங்களா மாமா?”

பார்க்கலாம் என்றேன். கேவலமான சொல். எந்த அதிகாரியிடமிருந்து கற்றேனோ.

8 அக்டோபர், சனி

தெருமுனையில் பேனர். இருபது அடி. நடுவில் மோகனா, ஸ்டுடியோவில் முகத்தை வெளுப்பாக்கி, பின்னால் சுவிட்சர்லாந்து. உள்ளாட்சித் தேர்தல் நேரம்; சுற்றிலும் கைகூப்பும் தலைவர்கள், வார்டு வேட்பாளர்கள் மூன்று கட்சி. மீன்பிடிக்கிறவன் எல்லா வலையையும் போடுவான். கீழ் மூலையில் ஸ்டாம்பு அளவில் நான்: ‘தாய்மாமன் இளவரசு, பத்திரிக்கை ஆசிரியர்’. ஆசிரியர் ஆனதில் மகிழ்ச்சி.

ஒரு பிள்ளையின் உடம்புச் சேதியை இருபது அடிக்கு எழுதி வைக்கிறார்கள். அதுவும் நடக்காத சேதி. எங்கள் பேப்பரில்கூட இவ்வளவு பெரிதாகப் போட்டதில்லை.

9 அக்டோபர், ஞாயிறு

விரிவாக எழுத வேண்டும்.

காலையிலேயே மேளம். பந்தல், பிரியாணி அண்டா, ஒலிபெருக்கி. முறைப்படி தாய்மாமன் சீரோடு வந்து முதல் மாலை போட வேண்டும். மாமன் மாலை விழாமல் மற்றவர்கள் நலங்கு வைக்கக் கூடாது. என் வாழ்நாளில் இவ்வளவு அதிகாரம் என் கையில் இருந்ததில்லை.

சீர்த்தட்டைப் பந்தலில் வைத்தேன். மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். கவிழ்த்து வைத்த படகின் நிழலில் உட்கார்ந்தேன்.

கால் மணி நேரத்தில் ஊர் முழுக்கச் செய்தி: மாமன் கோவித்துக்கொண்டான். முதலில் இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். “கோவிச்சிக்கிறது மாமன் மொறதான். ஆனா சீக்கிரம் தீத்துக்க, பிரியாணி ஆறிடும்.” பிறகு கலியமூர்த்தி ஓடி வந்தான். பட்டு வேட்டி, வியர்வை.

“இன்னா மச்சான் இது! பேனர்ல ஒங்க போட்டோவ சின்னதா போட்டுட்டான், அதான? அவன அப்பவே ஏசிட்டன். வேணும்னா தனியா ஒண்ணு அடிச்சிடறன், நீங்க மட்டும், பேனாவோட.”

“போட்டோ இல்ல.”

“ஒங்களுக்கு மோதரம் போடலன்னா?”

“மோகனா அந்தப் பள்ளிக்குத் திரும்பப் போகக் கூடாது. நீ வாக்கு கொடு, மாலை போடறேன்.”

அவனுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது.

“ஊர வச்சிக்கிட்டு கேக்கறீங்களா?”

“தனியா கேட்டேன். கடல், வாந்தின்னு கதை சொன்ன.”

மணலில் உட்கார்ந்தான். பட்டு வேட்டியைப் பற்றிக் கவலைப்படவில்லை. “பேங்க்குல லோனுக்குப் போயி நின்னன் மச்சான். குளிச்சி, சென்ட்டு அடிச்சிக்கிட்டுதான் போனன். அந்தம்மா மூக்க மூடிக்கிட்டு ஃபேன திருப்பி வச்சா. எம் பொண்ண யாரும் அப்படிப் பாக்கக் கூடாதுன்னுதான்…”

“அங்க அவ பேர் கருவாடு.”

“யாரு சொன்னது?”

“அவதான். கழுத்துல அட்டை மாட்டி நிக்க வைக்கிறாங்க. உன் பொண்டாட்டி கொண்டுபோன நெத்திலிய நாய்க்குக் கொட்டினாங்க. நான் பாத்தேன்.”

“செல்லாயி சொல்லலியே.”

“உங்கிட்டயா?”

மேளக்காரர்கள் மேளத்தை நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்தார்கள். ஒலிபெருக்கியில் யாரோ வேட்பாளரை வரவேற்றார்கள். கலியமூர்த்தி மண்ணை அள்ளி அள்ளி விட்டான். பிறகு எழுந்தான்.

“சரி. எம் பொண்ணு மேல ஆண. இங்கயே படிக்கட்டும். வாங்க, ஜனம் பசியில கெடக்குது.”

மாலை போட்டேன். மோகனா சேலைக்குள் தொலைந்து, அட்டிகைக்குள் மூச்சு முட்டி, மணையில் உட்கார்ந்திருந்தாள். குனிந்தபோது காதில் சொன்னேன். சிரிக்கவில்லை, அழவில்லை. மஞ்சள் பூசிய கையால் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த ஆள் நலங்கு வைக்க வரும்வரை விடவில்லை.

சாயங்காலம் குடிசையைப் பிரித்துக் கொளுத்தினேன். பச்சை ஓலை சரியாக எரியாது. புகைதான்.

13 அக்டோபர், வியாழன்

கலியமூர்த்தி டி.சி. வாங்கி வந்தான். தாளாளர் “உங்க பொண்ணோட எதிர்காலத்தைக் கடல்ல போடறீங்க” என்றாராம். இவன், “எங்க எல்லாத்தையும் அங்கதாங்க போடறம், அங்கேருந்துதான் எடுக்கறம்” என்றானாம். சொல்லியிருப்பானா? வழியில் யோசித்து வைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம். ஆனால் சட்டை பேண்டுக்கு வெளியே கிடந்தது. அதைக் கண்ணால் பார்த்தேன்.

7 நவம்பர், திங்கள்

கடலூர் பள்ளியில் மோகனா. சைக்கிளில் போகிறாள். தமிழில் தும்முகிறாள்.

1 ஜனவரி 2012, ஞாயிறு

நேற்று முன்தினம் விடியலில் புயல். பதினைந்து வருஷத்துப் பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்துவிட்டன. தேவனாம்பட்டினத்தில் கலியமூர்த்தியின் ஒரு பைபர் படகு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. மூவரும் நலம். மின்சாரம் இல்லை. போன் இல்லை. அமைச்சர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பள்ளி நிவாரணத்துக்கு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தது. பிஸ்கட்டைவிட பேனர் பெரிது.

9 ஜனவரி, திங்கள்

காலை நிவாரணக் கணக்கெடுப்பைப் பார்க்கத் தேவனாம்பட்டினம் போனேன். செல்லாயி வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

“ண்ணா. இப்ப நெசமாவே.”

அடுப்பில் உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். நல்லெண்ணெய் வாசம். உள்ளே சுவரோரம் மோகனா போர்வையைப் போர்த்திக்கொண்டு, என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தாள். இது நிஜமான வெட்கம். அன்று வேனில் பார்த்ததோடு ஒப்பிட்டுக்கொண்டேன்.

“அவனுக்கு என்ன சொல்லப் போற?”

“களி தின்ன ஆசையா இருந்திச்சின்னு சொல்லிக்கிறன். ஊருக்கு ஒருவாட்டிதான்.”

அப்போது கலியமூர்த்தி வந்தான். பிளந்த படகுக்குப் பக்கத்தில் இருப்பான் என்று நினைத்திருந்தோம். தோள் துண்டில் எதையோ முடிந்து வைத்திருந்தான். செல்லாயியின் முன்னால் முடிச்சை அவிழ்த்தான். இரண்டு நாட்டுக்கோழி முட்டை. பெரியவளான பெண்ணுக்கு முதல் நாள் நல்லெண்ணெயோடு பச்சையாகக் கொடுப்பது.

செல்லாயி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவனிடம் யாரும் சொல்லவில்லை. இன்றும் சொல்லவில்லை, அன்றும் சொல்லவில்லை.

அவன் மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

“ஓல தேடிப் போவ வேணாம் மச்சான். தெருவெல்லாம் கெடக்குது.” திரும்பிப் போகும்போது, வாசலில் செருப்பைக் காலால் துழாவிக்கொண்டே சொன்னான்: “பேனரு ஒண்ணும் வேணாம் இந்தத் தடவ.”

புயல் முறித்த தென்னை தெருவில் குறுக்கே கிடந்தது. ஒரு மட்டையிலிருந்து இன்னும் பச்சையாக இருந்த கீற்றை வெட்டினேன். சேற்றைக் கழுவி, கதவு நிலையில் செருகினேன். குடிசை கட்டவில்லை.

நேராகச் செருகியிருக்கிறேனா என்று எட்டிப் பார்த்த மோகனா சொன்னாள்:

“கோணலா இருக்குது மாமா.”